மருத்துவக் கவுன்சிலில் பொதுமக்களுக்கு எந்த நாற்காலி?

மருத்துவருக்குப் பதிவு எண் கொடுப்பதும், தவறு நிரூபணமானால் அந்தப் பதிவைச் சில காலத்துக்கோ நிரந்தரமாகவோ நீக்குவதும் மாநில மருத்துவக் கவுன்சிலின் வேலை. கடலூரில் தொழில் செய்யும் மருத்துவர் பெரும்பாலும் சென்னை அரும்பாக்கத்தில் இருக்கும் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் பதிந்தவராக இருப்பார். புதுச்சேரிக்குத் தனிக் கவுன்சில் உண்டு. மஞ்சக்குப்பத்திலிருந்தோ பண்ருட்டியிலிருந்தோ கோரிமேடு ஜிப்மருக்கும், புதுச்சேரியைச் சுற்றியுள்ள தனியார் மருத்துவக் கல்லூரிகளுக்கும் வைத்தியத்துக்குப் போகிற குடும்பத்துக்கு, இந்த இரண்டில் எந்தக் கவுன்சிலில் முறையிடுவது என்பதே முதல் குழப்பம். விடை மருந்துச் சீட்டில் இருக்க வேண்டும். சீட்டு, சான்றிதழ், பண ரசீது எல்லாவற்றிலும் மருத்துவர் தன் பதிவு எண்ணைக் குறிப்பிட வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதி. அந்த எண்ணைக் கொடுத்த கவுன்சில் எதுவோ, புகாரை அங்கே தொடங்குவதுதான் சரி.

அங்கே போன பிறகு என்ன நடக்கிறது? புகாரைப் படிப்பவர், விளக்கம் கேட்பவர், விசாரிப்பவர், முடிவு சொல்பவர் அனைவரும் மருத்துவர்கள். இந்தியாவின் மாநிலக் கவுன்சில்கள் பொதுவாக மருத்துவர்கள் வாக்களித்து மருத்துவர்களே உட்காரும் அமைப்புகள். தமிழ்நாட்டுக் கவுன்சிலின் அடித்தளமே 1914ஆம் ஆண்டின் சென்னை மருத்துவப் பதிவுச் சட்டம். போலி வைத்தியரிடமிருந்து படித்த மருத்துவரைப் பிரித்துக் காட்டுவதற்காகப் பிறந்த சட்டம் அது. நோயாளி ஒரு தரப்பாக வந்து நிற்பார் என்று அந்தக் காலத்தில் யாரும் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

‘கவுன்சிலில் பொதுமக்கள் பிரதிநிதி வேண்டும்’ என்ற கோரிக்கை இதிலிருந்துதான் எழுகிறது. ஆனால் எத்தனை பேர், எந்த மேசையில், யார் நியமித்து, என்ன அதிகாரத்தோடு என்று அடுத்த கேள்வி வந்ததும் பதில் நாலைந்தாகப் பிரிந்துவிடுகிறது. நுகர்வோர் அமைப்புகளும் மருத்துவர் சங்கங்களும் சட்டமன்ற உறுப்பினரைப் பார்க்கப் போவதற்கு முன் இதைத் தீர்த்துக்கொள்வது நல்லது. இங்கே ஐந்து வழிகளை எடுத்துக்கொள்கிறோம். எங்கள் முடிவை முன்னாலேயே சொல்லிவிடுகிறோம்: எத்தனை நாற்காலி என்பதைவிட அது எந்த மேசையில் போடப்படுகிறது என்பதே பெரிது. புகாரை ஏற்பதா, ஓரங்கட்டுவதா என்று தீர்மானிக்கும் முதல் மேசையில் மருத்துவரல்லாத ஒருவர் இருக்க வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பின்னால்தான்.

முதல் வழி: இருப்பது இருக்கட்டும், நுகர்வோர் ஆணையம் போதும்

மருத்துவர்கள் அதிகம் சொல்லும் வாதம் இது. கவுன்சில் தொழில் அமைப்பு, நோயாளிக்கு வேறு கதவு இருக்கிறது என்பார்கள். கதவு இருப்பது உண்மை. 1995இல் வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் மருத்துவ சேவையை நுகர்வோர் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, சிகிச்சை எங்கே நடந்திருந்தாலும் புகார்தாரர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுப் போடலாம். புதுச்சேரியில் சிகிச்சை பெற்ற கடலூர்க்காரர் கடலூர் மாவட்ட ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம். கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. காலக்கெடு 2 ஆண்டு.

ஆனால் அந்தக் கதவு போய்ச் சேரும் இடம் வேறு. ஆணையம் இழப்பீடு வாங்கித் தரும், மருத்துவரின் பதிவைத் தொட முடியாது. இழப்பீடு கொடுத்த மறுநாளே அதே மருத்துவர் அதே அறுவை அரங்கில் நிற்கலாம். தவிர, எல்லாருக்கும் முழுக்க இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்பதும் அதே 1995 தீர்ப்புதான். கடலூர் அரசு தலைமை மருத்துவமனையில் படுக்கை கிடைத்தவருக்கு இருக்கும் வழி ஏறக்குறைய கவுன்சில் ஒன்றுதான். வசதியில்லாதவர்களையே அதிகம் பாதிக்கும் இடைவெளி இது. முதல் வழியை நாங்கள் ஒதுக்குவதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

காவல் நிலையம் போகும் வழியையும் சிலர் சொல்கிறார்கள். 2005இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம், தனிப்பட்ட மருத்துவக் கருத்து ஒன்றை, முடிந்தால் அரசு மருத்துவரிடமிருந்து, பெறாமல் மருத்துவர்மேல் குற்ற நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று கட்டுப்படுத்தியது. சுற்றிவந்து நிற்பது மறுபடியும் மருத்துவர் மேசையில்தான். குற்ற வழக்கு மிகக் கடுமையான அலட்சியத்துக்கு உரியது. மற்றதற்கு அதைக் கையில் எடுப்பது நோயாளிக்கும் நல்லதல்ல, மருத்துவருக்கும் நியாயமல்ல.

இரண்டாம் வழி: ஒன்றிரண்டு நியமன இடங்கள்

டெல்லியில் இப்போது இருப்பது இதுதான். மாநிலக் கவுன்சில்களுக்கு மேலே, நாடு முழுவதற்குமாக 2020 செப்டம்பர் 25 முதல் செயல்படும் தேசிய மருத்துவ ஆணையத்தில் மொத்தம் 33 பேர். அதில் மூன்று பகுதிநேர இடங்கள் மேலாண்மை, சட்டம், மருத்துவ அறம், நோயாளி உரிமை, பொருளாதாரம் போன்ற துறைகளில் அனுபவம் உள்ளவர்களுக்கு. ஒழுங்கு விவகாரங்களைப் பார்க்கும் அறநெறி மற்றும் பதிவு வாரியத்தில் ஐந்து பேர். அதில் ஒரு இடம், மருத்துவ அறத்தில் பொதுவெளிப் பணி செய்தவருக்கோ, தர உறுதி, பொது சுகாதாரம், சட்டம், நோயாளி உரிமை ஆகியவற்றில் முதுகலைப் பட்டமும் 15 ஆண்டு அனுபவமும் உள்ளவருக்கோ உரியது.

ஒன்றுமில்லாததற்கு இது பரவாயில்லை. ஆனால் ‘உரியது’ என்பதும் ‘மருத்துவரல்லாதவர்’ என்பதும் ஒன்றல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். பொது சுகாதாரத்தில் முதுகலை படித்த மருத்துவரும் அந்த இடத்துக்கு வரலாம், சட்டம் தடுக்கவில்லை. ஒற்றை ஆள் வருகிற அமைப்பில் அவர் வராத நாளில் கூட்டம் நிற்பதும் இல்லை. ஐந்துக்கு ஒன்று, 33க்கு மூன்று என்ற விகிதத்தில் வாக்கெடுப்பு வந்தால் முடிவு முன்பே தெரிந்ததுதான். இப்படிப்பட்ட இடத்தில் உட்கார்கிறவர் நாளடைவில் இரண்டில் ஒன்றாக மாறுகிறார்: எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறவர், அல்லது எல்லாவற்றையும் எதிர்த்து யாரும் காது கொடுக்காதவர்.

மேல்முறையீட்டிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. மாநிலக் கவுன்சிலின் நடவடிக்கையால் பாதிக்கப்பட்ட மருத்துவர் அந்த அறநெறி வாரியத்துக்கு மேல்முறையீடு செய்யலாம் என்று 2019ஆம் ஆண்டுத் தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் 30ஆம் பிரிவு சொல்கிறது. நோயாளி என்ற சொல் அந்த இடத்தில் இல்லை. பழைய விதிகளில் ‘பாதிக்கப்பட்ட எவரும்’ என்று இருந்த வாசல் சட்டத்தில் குறுகிவிட்டது. புகார் தள்ளுபடியானால் குடும்பத்துக்கு மிஞ்சுவது உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. புதுச்சேரிக்கும் கடலூருக்கும் அது சென்னைதான். மேலே திருத்திக்கொள்ள வழி இல்லாதபோது கீழே முதல் முடிவு சரியாக இருக்க வேண்டிய கட்டாயம் இன்னும் கூடுகிறது.

மூன்றாம் வழி: மூன்றில் ஒன்று முதல் பாதிக்குச் சற்றுக் குறைவு வரை

கலிஃபோர்னியா மருத்துவ வாரியத்தில் 15 பேர்: மருத்துவர் 8, பொதுமக்கள் 7. ஆளுநர் 13 பேரை நியமிக்கிறார், சட்டமன்றத்தின் இரு அவைத் தரப்பிலிருந்து தலா ஒருவர். கூட்டங்கள் பகிரங்கமாக நடக்கின்றன, வந்தவர்கள் பேசலாம். ஆஸ்திரேலியாவின் சட்டம் இன்னொரு விதமாகக் கணக்குப் போடுகிறது: தேசிய வாரியத்தில் தொழில் உறுப்பினர்கள் பாதிக்குக் குறையக் கூடாது, மூன்றில் இரண்டுக்கு மேல் போகவும் கூடாது. மீதி சமூக உறுப்பினர்கள்.

இந்த விகிதத்தில் மருத்துவ அறிவு பெரும்பான்மையாகவே இருக்கும், ஆனால் மருத்துவரல்லாதவர்களின் குரலைத் தாண்டிப் போக முடியாது. மருத்துவர்களுக்குள் கருத்து பிளந்தால் பொது உறுப்பினர் வாக்குத்தான் தராசு முள். அமெரிக்காவில் இதற்கு ஒரு சட்ட அழுத்தமும் உண்டு. 2015இல் வட கரோலினா பல் மருத்துவ வாரிய வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், தொழில் செய்கிறவர்களே கட்டுப்படுத்தும் வாரியம் அரசின் தீவிர மேற்பார்வை இல்லாமல் சந்தைப் போட்டியைக் காக்கும் சட்டத்திலிருந்து விலக்குக் கேட்க முடியாது என்றது. பல்லை வெண்மையாக்கும் வேலையைப் பல் மருத்துவரல்லாதவர்கள் செய்யக் கூடாது என்று வாரியம் தடுத்ததில் வந்த வழக்கு. தன் சந்தையைக் காப்பதும் மக்களைக் காப்பதும் ஒரே முத்திரைக்குள் கலந்துவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டியதில்லை.

நான்காம் வழி: சரிபாதி

பிரிட்டனின் பொது மருத்துவக் கவுன்சிலில் 12 பேர், 6 மருத்துவர், 6 பொது. 1858இல் தோன்றிய அமைப்பு இந்த இடத்துக்கு வர ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று. தள்ளியது ஒரு பேரழிவு. ஹரால்ட் ஷிப்மன் என்ற குடும்ப மருத்துவர் தன் நோயாளிகள் 15 பேரைக் கொன்றதாக 2000இல் தண்டிக்கப்பட்டார். பின்னர் நடந்த விசாரணை உண்மையான எண்ணிக்கை 200ஐத் தாண்டும் என்று கண்டது. அதன் ஐந்தாம் அறிக்கை, 2004இல், கவுன்சில் நோயாளிகளைவிட மருத்துவர்களின் நலனையே அதிகம் பார்த்தது என்று கடுமையாகச் சொன்னது. 2009இல் தேர்தல் முறை முற்றிலும் எடுக்கப்பட்டு எல்லா உறுப்பினர்களும் நியமனமானார்கள், சரிபாதி வந்தது.

இதை அப்படியே இங்கே கேட்கலாமா? கேட்கக் கூடாது என்பது எங்கள் கருத்து. பிரிட்டனில் சரிபாதி நிற்பதற்குக் காரணம் நியமன முறை: பகிரங்க விளம்பரம், தகுதிப் பட்டியல், நேர்காணல், அதை மேலிருந்து சரிபார்க்கும் தனி மேற்பார்வை அமைப்பு. நம்மிடம் அந்தச் சாரம் கட்டப்படவில்லை. சாரம் இல்லாமல் பாதி இடங்களை அரசின் கையில் கொடுத்தால் கவுன்சில் சுகாதாரத் துறையின் இன்னொரு பிரிவாகிவிடும். ஆட்சி மாறும்போதெல்லாம் பெயர்ப்பலகைகள் மாறும். தேர்தலில் வந்த மருத்துவர்கள் நீதிமன்றத்துக்குப் போவார்கள், கவுன்சில் ஆண்டுக்கணக்கில் முடங்கும். கடைசியில் புகார் கொடுத்தவர்தான் காத்துக் கிடப்பார்.

ஐந்தாம் வழி: கவுன்சிலை விட்டுவிட்டு வடிகட்டும் மேசையையும் விசாரணை அமர்வையும் மாற்றுவது

பிரிட்டனைப் பற்றிப் பேசுகிறவர்கள் சரிபாதியை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். அதைவிடப் பயனுள்ள இரண்டு உறுப்புகள் அங்கே இருக்கின்றன.

முதலாவது, புகார்மீதான விசாரணை முடிந்ததும் அதை மூடுவதா, எச்சரிக்கை கொடுப்பதா, தீர்ப்பாயத்துக்கு அனுப்புவதா என்று தீர்மானிப்பவர்கள் இரண்டு பேர். ஒருவர் மருத்துவர், மற்றவர் மருத்துவரல்லாதவர். இருவரும் ஒத்துப்போனால்தான் முடிவு. ஒத்துப்போகாவிட்டால் கோப்பு ஒரு குழுவுக்குப் போகும். இரண்டாவது, 2012 முதல் தனித்து இயங்கும் தீர்ப்பாயம். மூன்று பேர் அமர்வு, அதில் குறைந்தது ஒரு மருத்துவரும் ஒரு பொது உறுப்பினரும் இருந்தாக வேண்டும்.

நியூசிலாந்து இன்னும் ஒரு படி தள்ளிப் போனது. நோயாளிகளின் ஒப்புதலின்றி நடந்த கருப்பை வாய்ப் புற்றுநோய் ஆய்வு பற்றி 1988இல் வெளிவந்த கார்ட்ரைட் விசாரணை அறிக்கைக்குப் பிறகு, 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், புகார்களை வாங்கும் வேலையையே மருத்துவக் கவுன்சிலிடமிருந்து எடுத்துச் சுகாதாரம் மற்றும் ஊனமுற்றோர் ஆணையர் என்ற தனி அலுவலகத்திடம் கொடுத்தது. நல்ல ஏற்பாடு. ஆனால் தனி அலுவலகம், தனிப் பணியாளர், தனிப் பட்ஜெட் என்று போவதால் புதுச்சேரி அளவுள்ள ஆட்சிப் பகுதிக்கு முதல் அடியாகப் பொருந்தாது.

ஐந்தாம் வழியின் பலம், கவுன்சிலின் தேர்தலையும் மொத்த அமைப்பையும் தொடாமலே தொடங்க முடியும் என்பது. புகார் பல கட்டங்களைத் தாண்ட வேண்டும்: பதிவாளரிடம் வரவு, மருத்துவரிடம் விளக்கம் கேட்பது, முகாந்திரம் (விசாரிக்க அடிப்படை) உண்டா என்ற பரிசீலனை, ஒழுங்குக் குழு விசாரணை, முழுக் கவுன்சிலின் முடிவு. முகாந்திரம் இல்லை என்று மூன்றாம் கட்டத்தில் மூடப்பட்ட கோப்பு முழுக் கவுன்சில் கூட்டத்தில் பேசுபொருளாக வருவதே அரிது. அந்தக் கூட்டத்தில் ஐந்து பொது உறுப்பினர்கள் உட்கார்ந்திருந்தாலும் தங்கள் மேசைக்கு வராத கோப்பை அவர்கள் என்ன செய்ய முடியும்?

மருத்துவரல்லாதவருக்கு என்ன தெரியும்?

மருத்துவர் தரப்பின் இந்தக் கேள்வி நியாயமானது, நேராகப் பதில் சொல்ல வேண்டும். எந்த மருந்து, எந்த அளவு, அறுவையைத் தள்ளிப்போட்டிருக்கலாமா என்பதில் பொது உறுப்பினர் கருத்துச் சொல்லக் கூடாது. அதற்கு அதே துறையின் நிபுணர் அறிக்கை வேண்டும். ஆனால் கவுன்சிலுக்கு வரும் புகார் எல்லாம் மருந்தளவைப் பற்றியதா? ஒப்புதல் வாங்கியது எப்படி, குடும்பத்திடம் என்ன சொன்னார்கள், கேஸ் ஷீட் கொடுத்தார்களா, பெண் நோயாளியைப் பரிசோதிக்கும்போது செவிலியர் உடன் இருந்தாரா, ஸ்கேன் சென்டரிலிருந்து கமிஷன் வாங்கினாரா, பொய்ச் சான்றிதழ் கொடுத்தாரா என்பவையும் நடத்தை விதிகளுக்குள் வருபவைதாம். இவற்றைப் படிக்க மருத்துவப் பட்டம் தேவையில்லை.

ஒரு கோப்பைத் திறந்து பார்ப்போம். மேலே புகார் மனு, இரண்டு பக்கம். பின்னால் டிஸ்சார்ஜ் சம்மரி, கேஸ் ஷீட் நகல், வெப்பநிலை–நாடித்துடிப்பு அட்டை, மருந்து அட்டை, மயக்க மருந்துக் குறிப்பு, ஒப்புதல் படிவம். ஒப்புதல் படிவம் ஆங்கிலத்தில் அச்சடித்தது. அறுவையின் பெயர் வேறு பேனாவில், வேறு கையெழுத்தில் எழுதப்பட்டிருக்கிறது. கீழே நோயாளியின் கையெழுத்து தமிழில். நேரம் எழுதும் கட்டம் காலி. மருத்துவர் கண் இந்தத் தாளைத் தாண்டி மயக்க மருந்துக் குறிப்புக்குப் போய்விடும், ஏனென்றால் அவர் நாள்தோறும் பார்க்கிற படிவம் இது. மருத்துவரல்லாதவர் இங்கேதான் நிற்பார். இதை யார் படித்துக் காட்டினார்? கையெழுத்து வாங்கும்போது அறுவையின் பெயர் எழுதியிருந்ததா? அறுவைக்கு முன் அமைதிப்படுத்தத் தரும் முன்மருந்து கொடுத்த நேரம் மருந்து அட்டையில் இருக்கிறதே, கையெழுத்து அதற்கு முன்னா பின்னா? 2008இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதைத்தான்: பரிசோதனைக்குக் கொடுத்த ஒப்புதல் சிகிச்சைக்கான ஒப்புதலாகாது, புரிந்து கொடுத்ததே ஒப்புதல்.

பயிற்சி கொடுத்தால் சாதாரண மக்கள் நுட்பமான விஷயத்தையும் கையாள்வார்கள் என்பதற்குக் கடலூரே சாட்சி. சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள கிராம மக்கள் 2004 வாக்கிலேயே காற்று மாதிரி எடுக்கவும், எந்த வாடை எந்தப் பக்கத்திலிருந்து எத்தனை மணிக்கு வந்தது என்று பதிவு செய்யவும் பழகிக்கொண்டார்கள்.

சட்டத்திலும் இது புதிதல்ல. கருவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஆலோசனைக் குழுவைப் பாருங்கள். எட்டுப் பேர்: மருத்துவ நிபுணர் 3, சட்ட நிபுணர் 1, செய்தித் துறை அதிகாரி 1, சமூகப் பணியாளர் 3, அவர்களில் குறைந்தது ஒருவர் பெண்கள் அமைப்பிலிருந்து. ஸ்கேன் மையத்தின் பதிவை நிறுத்துவது, ரத்து செய்வது பற்றி ஆலோசனை சொல்லும் குழுவில் மருத்துவர்கள் சிறுபான்மை. இரண்டு கூட்டங்களுக்கு நடுவே 60 நாளுக்கு மேல் போகக் கூடாது என்றும் விதி உண்டு. இன்னொன்று, மருத்துவ ஆராய்ச்சிக்கான நெறிமுறைக் குழு. 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகளின்படி குறைந்தது ஏழு பேர், அவர்களில் ஒரு சாதாரணக் குடிமகன், ஒரு சட்ட நிபுணர் கட்டாயம். பாதிப் பேராவது அந்த நிறுவனத்தைச் சேராதவர்களாக இருக்க வேண்டும். புதிய மருந்தை மனிதர்மேல் சோதிக்கும் மருத்துவக் கல்லூரி எதுவானாலும் இப்படி ஒரு குழுவின் அனுமதி வேண்டும். புதிய மருந்தைச் சோதிக்கலாமா என்று முடிவு செய்ய உட்காரத் தகுதியுள்ள அதே குடிமகனுக்கு, ஒப்புதல் படிவம் ஒழுங்காக வாங்கப்பட்டதா என்று கேட்கத் தகுதி இல்லையா?

அந்த ஆய்வு விதிகளிலிருந்து அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியது கோரம், அதாவது கூட்டம் செல்லுபடியாகத் தேவையான குறைந்தபட்ச வருகை, பற்றிய வரி. ஐந்து பேர் கூடினால் கோரம், ஆனால் அந்த ஐந்தில் சாதாரணக் குடிமகனும் சட்ட நிபுணரும் இருந்தே ஆக வேண்டும். இந்த வரி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று கணக்குப் போடுங்கள். ஒன்பது பேர் கவுன்சில், மூன்று பொது உறுப்பினர், கோரம் ஐந்து. ஆறு மருத்துவர்களில் ஐந்து பேர் வந்தாலே கூட்டம் செல்லும். மூன்று பொது நாற்காலியும் ஆண்டு முழுக்கக் காலியாக இருந்தாலும் ஒரு முடிவும் செல்லாமல் போகாது.

சின்ன ஊரின் சிக்கல்

புதுச்சேரிக்கென்று ஒரு தனிப் பிரச்சினை இருக்கிறது, இதைப் பெரிய நாடுகளின் உதாரணங்களில் தேடினால் கிடைக்காது. மூத்த நிபுணர்கள் பலர் ஒரே கல்லூரியில் படித்தவர்கள், ஒருவருக்கொருவர் ஆசிரியர்–மாணவர், ஒரே சங்கக் கிளையில் இருப்பவர்கள். புகார் வந்த மருத்துவரை முன்பின் தெரியாத அதே துறை மருத்துவரைக் கண்டுபிடிப்பதே சிரமம். கெட்ட எண்ணம் எதுவும் வேண்டாம், அறிமுகமே போதும், புகார்தாரரின் நம்பிக்கை போய்விடும். அதனால் பெயர்ப்பட்டியல் முறையைப் பரிந்துரைக்கிறோம். நிரந்தரக் குழு வேண்டாம். இருபது முப்பது பேர் கொண்ட பட்டியலிலிருந்து வழக்குக்கு வழக்கு மூன்று பேரை எடுப்பது. மருத்துவ உறுப்பினர் தமிழ்நாட்டுப் பட்டியலிலிருந்தும் வரலாம், கடலூர், விழுப்புரத்துக்காரர் புதுச்சேரி அமர்விலும் அங்கிருப்பவர் இங்கும் உட்காரலாம். மாஹேவிலிருந்து மலையாளமும் ஏனாமிலிருந்து தெலுங்கும் பேசுகிறவர் பட்டியலில் இருக்க வேண்டும். அந்த இரண்டு ஊர்க்காரரும் தமிழில் நடக்கும் விசாரணையில் தங்கள் வழக்கைச் சொல்ல முடியாது.

இப்படிப்பட்ட இடங்கள் எங்கே வழி தவறுகின்றன?

தவறான ஆளை உட்கார வைப்பதில் தொடங்குகிறது. ஓய்வுபெற்ற சுகாதாரத் துறை அதிகாரி, மருத்துவமனை நடத்தும் அறக்கட்டளையின் அறங்காவலர், மருத்துவரின் மனைவி அல்லது கணவர், கட்சிப் பொறுப்பாளர் ஆகியோர் காகிதத்தில் ‘மருத்துவரல்லாதவர்’தாம். எதிர்ப்பக்கத்திலும் இதே தவறு உண்டு: மருத்துவ வழக்குகளையே நடத்தும் வழக்கறிஞரை உட்கார வைத்தால் மருத்துவர் நியாயம் கிடைக்கும் என்று நம்ப மாட்டார். பொது உறுப்பினர் நோயாளியின் வக்கீல் ஆகிவிடக் கூடாது. ஆதாரம் இல்லாத புகாரை மூட வேண்டும் என்று மருத்துவர் உறுப்பினருக்கு முன்பே சொல்லக்கூடியவராக இருக்க வேண்டும்.

அடுத்தது தாள்கள். 200 பக்கக் கோப்பு கூட்டத்துக்கு முந்தின நாள் மாலை வந்தால், படித்துப் பழகிய மருத்துவர் அரை மணியில் புரட்டிவிடுவார், மற்றவர் வெறுங்கையோடு வருவார். அவர் பேசாமல் இருந்ததற்கு ஆர்வமின்மை காரணம் என்று பிறகு எழுதுவார்கள். மூன்றாவது பணம். படிக்கும் நாளுக்கு ஊதியம் இல்லாமல் அமர்வுப் படி மட்டும் என்றால் ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் மட்டுமே வருவார்கள். நெய்வேலியில் கடை வைத்திருப்பவரோ, பள்ளி ஆசிரியையோ, மகளிர் குழுத் தலைவியோ வர முடியாது.

எனவே சட்ட வரைவிலோ விதியிலோ கீழ்க்காணும் வரிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லாவிட்டால் திருத்தம் கொடுங்கள்.

முகாந்திரப் பரிசீலனை இருவரால், ஒருவர் மருத்துவர், ஒருவர் மருத்துவரல்லாதவர். புகாரை மூட இருவர் கையொப்பமும் வேண்டும். கருத்து வேறுபட்டால் விசாரணைக்கு அனுப்பப்படும். மூடியதற்கான காரணம் புகார்தாரருக்கு அவர் மொழியில், எழுத்தில், 30 நாளுக்குள்.

விசாரணை அமர்வு மூவர். புகாருக்குரிய துறையின் மருத்துவர் ஒருவர், வேறு துறை மருத்துவர் ஒருவர், பொது உறுப்பினர் ஒருவர். பொது உறுப்பினர் இல்லாத அமர்வின் முடிவு செல்லாது. சிகிச்சையின் தரம் பற்றிய கேள்விக்கு அமர்வில் இல்லாத நிபுணரின் எழுத்து அறிக்கை கட்டாயம், அதன் நகல் இரு தரப்புக்கும். மாற்றுக் கருத்து இருந்தால் அது முடிவோடு சேர்த்துப் பதிவாக வேண்டும்.

தகுதி விலக்கு: எந்த மருத்துவ முறையிலும் பதிவு பெற்றவர், அவருடைய நெருங்கிய குடும்பத்தார், மருத்துவமனை, மருந்து நிறுவனம், மருத்துவக் காப்பீடு இவற்றில் பங்கோ ஊதியமோ பெறுபவர், கடந்த ஐந்து ஆண்டுக்குள் கட்சிப் பதவியில் இருந்தவர், மருத்துவ வழக்குகளில் ஆஜராகும் வழக்கறிஞர், தானே புகார் நிலுவையில் வைத்திருப்பவர்.

தேர்வு பகிரங்க விளம்பரத்தின் மூலம், தமிழ் நாளிதழில். பதவிக்காலம் 3 ஆண்டு, ஒரே ஒரு முறை நீட்டிப்பு. காலியிடம் 60 நாளில் நிரப்பப்படாவிட்டால் பட்டியலில் அடுத்தவர் தானாகவே உட்காருவார். இந்த வரியை விட்டுவிடாதீர்கள், காலி இடங்களை நிரப்பாமல் விடுவதுதான் இப்படிப்பட்ட ஏற்பாட்டைச் சத்தமில்லாமல் முடக்கும் வழி.

தாள்கள் 10 நாளுக்கு முன்பு, தமிழ்ச் சுருக்கத்தோடும் கலைச்சொல் பட்டியலோடும். படிக்கும் நாளுக்கும் சேர்த்து மருத்துவ உறுப்பினருக்கு நிகரான படி. தொடக்கத்தில் இரண்டு நாள் பயிற்சி: கேஸ் ஷீட் படிப்பது, இயற்கை நீதி, இரகசியம் காப்பது, எப்போது தானே விலகிக்கொள்வது.

கவுன்சில் ஆண்டுதோறும் வெளியிட வேண்டியவை: வந்த புகார், முதல் மேசையில் மூடியது, விசாரித்தது, தண்டித்தது, ஒவ்வொன்றுக்கும் ஆன மாதங்கள். நோயாளி பெயர் வேண்டாம். 2002 விதிகள் புகாரை 6 மாதத்தில் முடிக்கச் சொல்கின்றன, பதிவு நீக்கத்தை உள்ளூர் நாளிதழில் பரவலாக அறிவிக்கவும் சொல்கின்றன. இந்த இரண்டையும் ஒழுங்காகக் கடைப்பிடிப்பதற்குப் புதுச் சட்டம்கூடத் தேவையில்லை.

முழுக் கவுன்சிலில் மூன்றில் ஒரு பங்கு பொது இடம் என்பதை இரண்டாம் கட்டமாக வைத்துக்கொள்ளலாம். பட்டியலில் மூன்று ஆண்டு வேலை செய்தவர்களிடமிருந்தே அந்த இடங்களுக்கு ஆள் எடுத்தால், கட்சி அலுவலகத்திலிருந்து வரும் பெயர்ச்சீட்டைத் தடுக்கலாம்.

இதைச் செய்யும் அதிகாரம் எங்கே? மருத்துவத் தொழில் அரசியல் சட்டத்தின் பொதுப் பட்டியலில் (மத்திய, மாநில அரசுகள் இரண்டும் சட்டம் இயற்றக்கூடியவை) 26ஆம் இனம். தமிழ்நாடு தன் 1914ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தலாம் அல்லது புதுச் சட்டம் இயற்றலாம். புதுச்சேரி சட்டமன்றத்துக்கும் பொதுப் பட்டியலில் சட்டம் இயற்றும் அதிகாரம் உண்டு. மத்திய அரசின் 2019 தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தோடு முரண்படும் வரி இருந்தால் குடியரசுத் தலைவர் ஒப்புதல் தேவைப்படும், அதற்கு நாளாகும். அதனால் முதல் மேசை, மூவர் அமர்வு, கோரம் ஆகிய மூன்றையும் மத்திய சட்டத்தோடு உரசாத தனி அத்தியாயமாக எழுதுவது நல்லது. நோயாளியின் மேல்முறையீட்டு உரிமைக்கு மத்திய சட்டத்தின் 30ஆம் பிரிவே திருத்தப்பட வேண்டும். அந்தக் கோரிக்கையை நாடாளுமன்ற உறுப்பினரிடம் தனி மனுவாகக் கொடுங்கள், சட்டமன்ற மனுவோடு கலக்க வேண்டாம்.

சட்டம் வரும்வரை புகார் கொடுப்பவர்கள் இப்போதே செய்யக்கூடியது ஒன்று உண்டு. கேஸ் ஷீட் நகலை எழுத்துமூலம் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும், உள்நோயாளி ஆவணங்களை 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பதும் அதே 2002 விதிகள். கவுன்சிலுக்கு எழுதும் மனுவின் கடைசிப் பத்தியில், புகாரை மூடுவதானால் காரணத்தோடு கூடிய எழுத்து உத்தரவு வேண்டும் என்று கேட்டு, மனுவை விரைவு அஞ்சலில் அனுப்பி, அது சேர்ந்ததற்கான ஒப்புகையைப் பத்திரப்படுத்துங்கள். ரிட் மனு போட நேர்ந்தால் வழக்கறிஞர் முதலில் கேட்பது அந்த ஒப்புகையையும் அந்த உத்தரவையும்தான்.